எல்மினா விமானமும் தம்பியின் கேள்வியும்

ஊர்ச் சங்க உறவுகள் அனைவருக்கும் மலேசியாவின் ஷா ஆலமிலிருந்து வணக்கம்.

மகனைச் சுபாங்கில் விமானிப் பயிற்சிக்குச் சேர்க்கலாமா என்று சிங்கப்பூர்த் தம்பி கேட்டிருந்தார். 2023 ஆகஸ்ட் 17 அன்று எங்கள் எல்மினா பக்கம் விழுந்த சிறு விமானம் நடுவானில் எஞ்சின் நின்றதால் விழுந்தது என்றும் எழுதியிருந்தார். அன்று கைப்பேசிகளில் சுற்றிய கதை அது.

லங்காவியிலிருந்து சுபாங் வந்த அந்த பீச்கிராஃப்ட் பிரிமியர் ஜெட்டில் இருந்த எட்டுப் பேரோடு, சாலையில் போய்க்கொண்டிருந்த ஒரு கார் ஓட்டுநரும் ஒரு மோட்டார் சைக்கிளோட்டியும் இறந்தார்கள். ஆபத்து அழைப்பு எதுவும் வரவில்லை. தரையைத் தொட்ட பிறகே விரிக்க வேண்டிய, இறக்கை மேலுள்ள 'லிஃப்ட் டம்ப்' தகடுகள் தரையிறங்குமுன் செய்யும் சரிபார்ப்பின்போது தவறுதலாக வானிலேயே விரிக்கப்பட்டன என்பதே போக்குவரத்து அமைச்சின் விசாரணை அறிக்கை சொன்ன காரணம். இறக்கையின் தாங்குவிசை போய்விட்டது; சமாளிக்க உயரமும் இல்லை.

எஞ்சின் நிற்பது வேறு விஷயம். பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172, எஞ்சின் நின்றாலும் கல்லைப் போல் விழாமல், ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறத்தாழ ஒன்றரைக் கடல் மைல் தூரம் சறுக்கிச் செல்லும். இங்குள்ள புழுக்கத்தில் ஒரு விநோதமும் உண்டு. கார்புரேட்டர் (காற்றையும் எரிபொருளையும் கலக்கும் கருவி) உள்ள எஞ்சின்களில், வெளியே 30 பாகை வெப்பம் இருந்தாலும், எரிபொருள் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றிலுள்ள ஈரம் உள்ளேயே உறைந்து காற்றுப்பாதையை அடைத்துவிடும். சூடான காற்றை உள்ளே விடும் குமிழை இழுப்பதுதான் அதற்கு மருந்து.

என் அக்காள் மகன் பயிற்சிக் காலத்தில், எஞ்சின் நின்றால் செய்ய வேண்டியவற்றைப் பழக எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, உப்பு ஜாடியை எரிபொருள் வால்வாகவும் ஊறுகாய்ப் புட்டியை அந்தக் குமிழாகவும் வைத்து, "வேகம், இடம், எரிபொருள், சூடு" என்று முணுமுணுத்தபடி கையால் துழாவுவான். (புட்டி ஒருமுறை கவிழ்ந்தது, மேசை விரிப்பில் கறை இன்னும் இருக்கிறது.) ரேடியோவில் பேசுவது கடைசியில்தான். உண்மையாகவே அஞ்ச வேண்டியது, கிளம்பிய உடனே, உயரம் சேர்வதற்குள் எஞ்சின் நிற்பது. அப்போது ஓடுபாதைக்குத் திரும்ப நினைக்காமல் எதிரே கிடைக்கும் இடத்தில் இறங்க வேண்டும் என்று பழக்குகிறார்கள். பதற்றத்தில் திரும்பப் போய் உயிரை விட்டவர்கள் பல நாடுகளில் உண்டு.

ஆகவே தம்பி, பள்ளியைப் பார்க்க வரும்போது கட்டணத்தைக் கேட்பதற்கு முன், எஞ்சின் நிற்கும் பயிற்சியை மாணவருக்கு எத்தனை முறை கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். சனிக்கிழமை என்றால் நானும் உடன் வருகிறேன்.