துகள் இடப்பெயர்ச்சியிலிருந்து அதிர்வெண்: 1320 தப்பா? நாளைக்கு டெஸ்ட்!!

கடைசிபெஞ்ச்: ஒலி அலையில ரெண்டு துகள், நடுவுல 25 செ.மீ. ஒரே நேரத்துல ரெண்டுக்கும் இடப்பெயர்ச்சி 3 மைக்ரோமீட்டர். அப்ப அலைநீளம் 25 செ.மீ.தானே? அதிர்வெண் 1320 ஹெர்ட்ஸ் வருது. புக்குல விடை 440. அச்சுப் பிழையா?

மெழுகுவத்தி: வேகம் எவ்ளோ? வீச்சு, அதாவது அதிகபட்ச இடப்பெயர்ச்சி, எவ்ளோ? துகள் எந்தப் பக்கம் போகுது?

நெட்டலைரசிகன்: ஒலி நெட்டலை, துகள் அலை போற திசையிலயே முன்னும் பின்னும் ஆடும். சைன் வளைவு போட்டாலே தப்பு. நெருக்கம், நெகிழ்வு வரைங்க, தானா வரும்.

மெழுகுவத்தி: வளைவு துகளோட பாதை இல்லைங்க, இடப்பெயர்ச்சியோட வரைபடம். தாராளமா போடலாம்.

பழையவாத்தி: இடப்பெயர்ச்சி சமம்னா கட்டமும் (அலைவுச் சுற்றுல எந்த நிலையில இருக்குங்கறது) சமம்னு யாரப்பா சொன்னது? ஊஞ்சல் ஒரே இடத்தைப் போகும்போதும் கடக்கும், வரும்போதும் கடக்கும். முதல்ல கேள்வியை முழுசா எழுதப் பழகு.

கடைசிபெஞ்ச்: சாரி சார். வேகம் நொடிக்கு 330 மீட்டர், வீச்சு 6 மைக்ரோமீட்டர். ரெண்டும் எதிரெதிரா போகுதாம்.

மெழுகுவத்தி: அதான் முக்கியமே! 3ங்கறது வீச்சுல பாதி. சைன் 1/2 வர்றது 30 டிகிரியிலயும் 150 டிகிரியிலயும். வித்தியாசம் 120, அதாவது அலைநீளத்துல மூணுல ஒரு பங்கு. அலைநீளம் 75 செ.மீ. 330-ஐ 0.75 ஆல வகுத்தா 440.

அரைக்கிறுக்கு: இருங்க. ஒலி மூலத்துக்குக் கிட்ட உள்ள துகள் நடுநிலைக்குத் திரும்புதுன்னா அது 150ல, தள்ளி உள்ளது 30ல. 440 சரி. மாத்தி இருந்தா தள்ளி உள்ளதோட பின்தங்கல் 240 டிகிரி, அலைநீளம் 37.5 செ.மீ., விடை 880. நடுவுல முழு அலை எதுவும் இல்லைன்னும் கேள்வி சொல்லணும், இல்லாட்டி 1760 கூட வரும்.

வெயில்காலம்: 330 எந்த ஊர்ல? 30 டிகிரி வெப்பத்துல ஒலியோட வேகம் 349 வருமே. அப்ப 465.

பழையவாத்தி: குடுத்ததைப் போடுங்க ஐயா.

சுருதிப்பெட்டி: 440ன்னா பாட்டுக்காரங்க சுருதி அளவுல ஆறு கட்டை!

பழையவாத்தி: ஆய்வகத்து இசைக்கவைப் பெட்டியைப் பாரும். 256ல ஆரம்பிச்சா அந்த ஸ்வரம் 426.6தான்.

சுருதிப்பெட்டி: அது லேப் கணக்கு. 1939லயே லண்டன் மாநாட்டுல அந்த ஸ்வரத்துக்கு 440னு முடிவாயிடுச்சு. உங்க கவையோட யார் கச்சேரி பண்றாங்க?

கடைசிபெஞ்ச்: கிட்ட உள்ளது திரும்புதுன்னு கேள்வியிலயே இருக்கு, கவனிக்கல. முழு அலை இல்லைன்னும் இருக்கு. 440 வந்துடுச்சு, தேங்க்ஸ்.

பழையவாத்தி: கச்சேரிக்குப் பாடறவர் தொண்டைதான் கணக்கு. 440ம் இல்லை, 426ம் இல்லை.