அப்டேட்: அமிகாவுல டோலக் இரைச்சல் மேட்டர் முடிஞ்சுது

போன மாசம் கேட்டிருந்தேன்ல, அமிகா 500ன்ற பழைய ஹோம் கம்ப்யூட்டர்ல, புரோடிராக்கர்ன்ற பாட்டு போடுற சாஃப்ட்வேர் போட்டு எங்க மாமா வாசிச்ச டோலக்கை சாம்பிள் பண்ணா, அதாவது குட்டித் துண்டா ரெக்கார்ட் பண்ணா, அடியை விட 'உஸ்ஸ்'னு இரைச்சல்தான் ஜாஸ்தியா வருதுன்னு, அது சரியாயிடுச்சு பா. தப்பு மெஷின் மேல இல்ல, என் மேலதான். அமிகா சவுண்டு 8 பிட், அப்டின்னா சத்தத்தோட அளவைக் குறிக்க மொத்தமே 256 படி, நான் பயந்து பயந்து லெவல் கம்மியா வச்சி எடுத்ததுல அதுல கொஞ்சூண்டுதான் யூஸ் ஆச்சு, அப்புறம் வால்யூமை ஏத்துனா இரைச்சலும் கூடவே ஏறுது.

ஞாயித்துக்கிழமை ராயபுரத்துல மாமா வீட்லயே திரும்ப எடுத்தேன், ஃபேனை ஆஃப் பண்ணிட்டு, வேர்த்து ஊத்துது, மாமா வேற "இன்னாடா, ஒரே ஒரு அடிக்கு இவ்ளோ பில்டப்பா"ன்றாரு. இந்த வாட்டி லெவல் உச்சிக்கு கிட்ட வச்சேன், செம கணீர்.

அப்பவும் டோலக்ல 'தீம்'ன்ற அடி ஓகே, 'த'ன்ற அடி மட்டும் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி மொத்தையா இருந்துச்சு. அது கூர்மையான சத்தத்தை மழுக்குற பில்டரோட வேலை. புரோடிராக்கர்ல பாட்டோட முதல் வரில E01ன்ற கட்டளை போட்டேன், பவர் லைட் லேசா மங்குச்சு, அப்டின்னா பில்டர் ஆஃப், விரல் தோல்ல படுற சத்தம் கூட கேக்குது!

ஹெட்போன்ல டோலக் இடது காதுல மட்டும் வருதுன்னு சொன்னேன்ல, அதுவும் ரிப்பேர் இல்லயாம். ஒரே நேரத்துல நாலு சத்தம் வாசிக்க அமிகாவுல நாலு சேனல், அதுல 1, 4 சேனல் இடது, 2, 3 வலது, டிசைனே அப்படித்தான். அதனால டோலக்கை 1லயும் 2லயும் போட்டுட்டேன். மீதி ரெண்டு சேனல்ல பேஸும் குரலும் எப்டி அடைக்கப் போறேனோ தெரியல.