வீட்டுக்குள் முளைக்க வைத்த ஸ்வீட் கார்ன் விதைகளில் பாதி அழுகிவிடுகின்றன, கோளாறு எங்கே?

மாடிப்பச்சை:

அனைவருக்கும் வணக்கம். ஸ்வீட் கார்ன் விதையை வீட்டுக்குள்ளேயே முளைக்க வைத்து, நாற்றான பிறகு வெளியே நடலாம் என்று இறங்கியிருக்கிறேன். இரவுக் குளிர் இன்னும் விட்டபாடில்லை. காலையில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தால் மண்ணில் 12 டிகிரி செல்சியஸ்தான் காட்டுகிறது. துணிந்து ஊன்றினாலும், எலியும் பறவையும் விதையைத் தோண்டித் தின்றுவிட்டுத்தான் மறுவேலை பார்க்கின்றன.

விதை வீரிய ஒட்டு ரகம். பாக்கெட்டில் 'சூப்பர் ஸ்வீட்' என்று போட்டிருக்கிறது. உள்ளே இருப்பவை சுருங்கி ஒட்டிப்போய், கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. மேலே இளஞ்சிவப்பு மருந்துப் பூச்சு வேறு. இரவு முழுவதும் தண்ணீரில் ஊற வைத்து, ஈரத்துணியில் முடிந்து, மூடி போட்ட டப்பாவில் ஜன்னலோரம் வைத்தேன். நான்காம் நாள் திறந்தால் புளித்த வாடை. பாதி விதைகளை விரலால் அழுத்தினால் வெள்ளைக் குழம்பாகப் பிதுங்குகின்றன. முளைத்தவையோ வேரைத் துணியின் இழைக்குள் விட்டுப் பின்னிக்கொண்டிருக்கின்றன. பிரித்தால் நுனி அறுந்துவிடுகிறது.

விதை மட்டமா, முறை சரியில்லையா? ஊற வைக்கலாமா, கூடாதா? துணியா, நேராகக் குழித்தட்டா (நாற்று விட உதவும் சிறு குழிகள் உள்ள தட்டு)? நாற்றை எப்போது வெளியே கொண்டு போவது?

கதிர்வேலி:

நான் பல வருடங்களாக ஊற வைத்துத்தான் போடுகிறேன். சில சமயம் ஒரு நாள் முழுக்கக்கூட ஊறிவிடும். குறை சொல்ல முடியாதபடி முளைக்கிறது. உங்கள் விதை பழையதாக இருக்கும். ஸ்வீட் கார்ன் விதையின் வீரியம் இரண்டு மூன்று வருடங்களில் குறைந்துவிடும். பாக்கெட்டின் பின்னால் தேதியைப் பாருங்கள்.

முளைக்குருத்து:

தேதியைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் இந்த விதை புதிதாக இருந்தாலும் அந்த டப்பாவில் அழுகித்தான் இருக்கும். கதிர்வேலி ஐயா போடுவது பெரும்பாலும் குண்டு விதையாக இருக்கும். மாடிப்பச்சை, உங்களிடம் இருப்பது சுருங்கிய விதை. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செல்லாது.

தீவன மக்காச்சோளத்தின் விதைக்குள் மாவுச்சத்து அடைத்திருக்கும். பழைய வகை இனிப்புச் சோளத்தில் அது கொஞ்சம் குறைவு. சூப்பர் ஸ்வீட் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை 'ஷ்ரங்கன்-2' என்ற மரபணுத் திரிபு உள்ளவை. திரிபு என்றதும் பயப்பட வேண்டாம், ஆய்வகத்தில் செருகியது அல்ல. 1950களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதன் இனிப்பைக் கவனித்து ரகமாக்கத் தொடங்கினார்கள். இந்தத் திரிபு, சர்க்கரை மாவாக மாறும் வேலையைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. அதனால்தான் கதிர் அவ்வளவு இனிக்கிறது. ஆனால் அதே மணி காய்ந்து விதையாகும்போது உள்ளே நிரப்பிக்கொள்ள மாவு இல்லாமல் சுருங்கிப்போகிறது. நம் வாய்க்கு இனிப்பு கொடுத்த செலவில் முளைக்கான கட்டுச்சோறு குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட விதையைத் தண்ணீரில் போட்டால் மடமடவென்று உறிஞ்சும். அந்த வேகத்தில் உள்ளிருக்கும் செல்களின் சவ்வு கிழிந்து சர்க்கரை வெளியே கசியும். தோலும் மெல்லியது, எளிதில் வெடிக்கும். சர்க்கரைத் தண்ணீர் கிடைத்தால் பூஞ்சணமும் பாக்டீரியாவும் சும்மா இருக்குமா? நீங்கள் முகர்ந்த புளித்த வாடை அதுதான். தண்ணீருக்குள் மூச்சு விடவும் வழியில்லை. முளைக்கும் விதைக்கு ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். இரவெல்லாம் மூழ்கிக் கிடந்ததை எடுத்துச் சொட்டும் துணியில் முடிந்து மூடியும் போட்டால், பாத்திரம் மாறியதே தவிர நிலைமை மாறவில்லை.

ஆகவே சூப்பர் ஸ்வீட்டை ஊற வைக்காதீர்கள். இரண்டு மணி நேரம்கூட வேண்டாம். ஈரமான நார்த்தூள், மட்கு மாதிரியான கலவையிலிருந்து மெல்ல மெல்ல அதுவே எடுத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது சூடு. ஜன்னலோரம் பகலில் வெயில் வாங்கும், இரவில் கண்ணாடி வழியாகக் குளிரும். முளைப்பதற்கு வெளிச்சம் தேவையே இல்லை, 25 முதல் 30 டிகிரி வரை சூடுதான் தேவை. பழைய வகை விதைகள் 10 டிகிரியில்கூட முக்கி முனகி முளைக்கும். இவை 16, 18 டிகிரிக்குக் கீழே போனால் முளைக்க யோசிக்கும், அழுக யோசிக்காது. ஃபிரிட்ஜின் தலைமேல் கை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் அதுவே இடம். முதல் குருத்து தலைகாட்டும் அன்றே தட்டை வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் வெளுத்து நெட்டையாகிச் சாய்ந்துவிடும்.

துணி, காகிதம் எல்லாம் விதையின் தரத்தைச் சோதிக்கத்தான் நல்லது. நடுவதற்கு நேராகக் குழித்தட்டே மேல். தென்னை நார்த்தூளும் மட்கிய உரமும் கலந்து, கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. கூர்முனை கீழே இருக்கும்படி இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்தில் வையுங்கள். வேர் அந்த முனையில்தான் கிளம்பும். படுக்கப் போட்டாலும் மோசமில்லை, வேருக்குக் கீழ்த்திசை தெரியும். அதன்பின் மேல்பரப்பு வெளுத்தால் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். இங்கேதான் பலருக்கும் கை சும்மா இருப்பதில்லை.

இன்னொன்று. காகிதத்தில் சோதிக்கும்போது வேரில் வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரிந்தால் பூஞ்சணம் என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள். நுனியில் கொஞ்ச தூரம் மொழுமொழுவென்று வெறுமையாக விட்டு, அதற்குப் பின்னால் ஒரே சீராகச் சுற்றிலும் சிலிர்த்து நின்றால் அவை வேர்த்தூவிகள், அதாவது தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய மயிர்கள். பூஞ்சணத்துக்கு அந்த ஒழுங்கு கிடையாது. விதையின் மேலிருந்தே தொடங்கி, கண்ட இடத்தில் தாவி, பக்கத்து விதையையும் பிடிக்கும்.

மாடிப்பச்சை:

மிக்க நன்றி. படித்ததும் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். இரண்டு சந்தேகங்கள். அந்த இளஞ்சிவப்புப் பூச்சைக் கழுவிவிட்டுப் போடலாமா? இப்போது துணியில் வேர் விட்டிருப்பவற்றைக் காப்பாற்ற வழி உண்டா? நாற்றுகளைச் சுவரோரம் ஒரே வரிசையாக நடுவதாக இருக்கிறேன்.

முளைக்குருத்து:

கழுவாதீர்கள். அது பூஞ்சணக்கொல்லி. சுருங்கிய விதைக்கு இருக்கிற ஒரே கவசம் அதுதான். இரவு முழுவதும் ஊறியதில் அதுவும் பாதி கரைந்திருக்கும். கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள், சமையல் பாத்திரத்தில் போடாதீர்கள், மிஞ்சியதைக் குருவிக்கோ கோழிக்கோ வீசாதீர்கள்.

துணியில் பின்னியதை இழுக்க வேண்டாம். வேரைச் சுற்றித் துணியைக் கத்தரித்து, அந்தத் துண்டோடு மண்ணில் வைத்துவிடுங்கள். பருத்தி என்றால் மட்கிவிடும். நுனி அறுந்தவற்றையும் எறிய வேண்டாம். முதல் வேர் போனாலும் விதையிலிருந்து பக்க வேர்கள் வரும், பிறகு தண்டின் அடிக்கணுவிலிருந்து வரும் வேர்கள்தான் செடியைத் தாங்கப்போகின்றன. அதுவரை கொஞ்சம் பின்தங்கும், அவ்வளவுதான். அடுத்த முறை காகிதத்தில் வைத்தால் வேர் ஒரு சென்டிமீட்டரைத் தொடும் முன்பே மாற்றிவிடுங்கள், தூக்கும்போது விதையைப் பிடியுங்கள், வேரைப் பிடிக்காதீர்கள்.

தட்டின் குழி ஆழமாக இருக்கட்டும். காகிதச் சுருளின் நடுவில் வரும் அட்டைக் குழல் இதற்கு அருமையாகப் பொருந்தும், நடும்போது குழலோடு அப்படியே மண்ணில் இறக்கிவிடலாம். ஆனால் அட்டையின் விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. நின்றால் அடியில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விடும். இரண்டு மூன்று இலை விட்டதும், அதாவது இரண்டு அல்லது மூன்று வாரத்தில், நட்டுவிட வேண்டும். தட்டின் அடியில் வேர் சுற்றத் தொடங்கிய நாற்று பிறகு எழுந்திருக்கவே சோம்பும். நடுவதற்கு முன் ஒரு வாரம் பகலில் வெளியே, முதலில் நிழலில், பிறகு வெயிலில் வைத்துப் பழக்குங்கள். மண் காலையில் 16 டிகிரியைத் தொடும்வரை பொறுங்கள். அவசரம் என்றால் இப்போதே கறுப்பு பாலிதீன் விரித்து மண்ணைச் சூடேற்றலாம்.

வரிசை விஷயத்தை வரப்போரம் சொல்லட்டும், அவர் இதில் கெட்டிக்காரர்.

வரப்போரம்:

ஒற்றை வரிசை வேண்டவே வேண்டாம். மக்காச்சோளத்துக்குத் தேனீ வராவிட்டாலும் நடக்கும், காற்று வராவிட்டால் நடக்காது. உச்சியில் இருக்கும் ஆண் பூவிலிருந்து மகரந்தம் உதிர்ந்து கீழே கதிரின் பட்டு இழைகளில் விழ வேண்டும். ஓர் இழைக்கு ஒரு மணி. மகரந்தம் படாத இழையின் அடியில் பல் விழுந்த இடம்தான் இருக்கும். ஒரே வரிசையாக நட்டால் மகரந்தத்தின் பெரும்பகுதியைக் காற்று பக்கவாட்டில் கொண்டு போய்விடும். நான்குக்கு நான்கு என்று சதுரமாக, 35 முதல் 40 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள்.

பக்கத்தில் யாராவது தீவனச் சோளமோ பழைய இனிப்பு ரகமோ போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்த மகரந்தம் பட்டால் இந்தப் பருவத்து மணியே மாவாகிவிடும், ஏனென்றால் நாம் தின்னும் முளைசூழ்தசையில், அதாவது மணிக்குள் முளைக்கு உணவாக இருக்கும் சதையில், மகரந்தம் தந்த தந்தைச் செடிக்கும் பங்கு உண்டு. இரண்டும் பூக்கும் காலத்தில் இரண்டு வாரமாவது வித்தியாசம் இருக்கும்படி விதையுங்கள்.

கதிர்வேலி:

என் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். 'சூப்பர்' என்று எங்கும் இல்லை, குண்டு விதைதான். முளைக்குருத்து சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். என் முறை என் விதையோடு இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன்: சுருங்கிய விதையில் இவ்வளவு நட்டம் என்றால் குழிக்கு இரண்டு போடலாமே?

முளைக்குருத்து:

தாராளமாகப் போடலாம், ஐயா. இரண்டும் வந்துவிட்டால் நோஞ்சானைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் மண்ணோடு ஒட்ட வெட்டிவிட வேண்டும். பிடுங்கினால் இருக்கப்போகும் நாற்றின் வேரும் அசைந்துவிடும். ஆனால் மேலோட்டமாக வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். இளம் நாற்றின் வளர்நுனி ஐந்தாறு இலை வரும்வரை மண்ணுக்குள்தான் இருக்கும், அதனால் கத்தரி நுனியை மண்ணுக்குள் சற்றே இறக்கி வெட்டுங்கள்.