முக்கால் ஜிபிக்கு என்ன பெயர் வைப்பது?

கோவை, பாலிடெக்னிக் ஆசிரியை:
கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். இரண்டாமாண்டு வன்பொருள் பாடக் குறிப்பு நாளை காலை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் இடிக்கிறது. எங்கள் லேபில் 945 சிப்செட் (பிராசஸரை ரேமோடு இணைக்கும் சில்லுத் தொகுதி) போட்ட பழைய கணினிகள். 4 ஜிபி ரேம், 32 பிட் விண்டோஸ் 7. பயன்படுத்தக்கூடியது 3.25 ஜிபி என்று காட்டுகிறது. மீதியை, விண்டோஸில் ரேம் பயன்பாட்டைக் காட்டும் ரிசோர்ஸ் மானிட்டர் சாம்பல் நிறத்தில் 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' என்கிறது. 'வன்பொருள் ஒதுக்கீடு' என்று எழுதி வைத்தேன். "எந்த வன்பொருள் மேடம் எடுத்துக்கிச்சு?" என்கிறார்கள் பையன்கள்.

பெங்களூரு, சிப் வடிவமைப்பாளர்:
நல்ல கேள்வி மேடம். ரேமை யாரும் எடுக்கவில்லை, போனது முகவரி, அதாவது நினைவகத்தின் ஒவ்வொரு இடத்தையும் பிராசஸர் கூப்பிடும் எண். 32 பிட்டில் கிடைப்பது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகள். பைட்டுக்கு ஒன்று என்றால் 4 ஜிபியோடு சரி. ஆனால் கிராபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் ரோம் எல்லாவற்றையும் பிராசஸர் இதே முகவரிகளை வைத்துத்தான் கூப்பிடுகிறது. 4 ஜிபிக்குச் சற்றுக் கீழே ஒரு பட்டை அவற்றுக்குப் போய்விடும். அங்கே வரவேண்டிய ரேம், ஸ்லாட்டில் சும்மா கிடக்கும். பிந்தைய சிப்செட்டுகள் அதை 4 ஜிபிக்கு மேலே உள்ள முகவரிகளுக்கு நகர்த்தும். பயாஸில் 'மெமரி ரீமேப்' என்று இருக்கும். 945-க்கு முகவரிக் கம்பிகளே (பிட்டுக்கு ஒரு கம்பி) 32தான். 64 பிட் விண்டோஸ் போட்டாலும் மீளாது.

'ஒதுக்கீடு' வேண்டாம். 'முகவரியிலா நினைவகம்' என்பது என் பரிந்துரை.

திருச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பொருள் சரி தம்பி, வாய் வலிக்கிறது. 'புரை' என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. புரை என்றால் உட்டுளை, குற்றம். கண்புரை, புரையோடிய புண். குறளிலும் 'புரைதீர்ந்த நன்மை' உண்டு. 'முகவரிப் புரை' என்று வைக்கலாம். 'புரைய' என்பது உவம உருபும் ஆகும். இருப்பது போலத் தோன்றும் நினைவகத்துக்கு அதுவும் பொருந்துகிறது பாருங்கள்.

மதுரை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, எங்கள் வீட்டில் புரை ஊற்றினால் தயிராகும். அவசரமாகச் சாப்பிட்டால் புரையேறும். பையன்கள் எதை நினைப்பார்கள்?

திருச்சி:
தயிருக்கு ஊற்றுவது உறை. 'பிரை' என்பாரும் உண்டு. அதைப் 'புரை' என்பது பேச்சு வழக்கு, தனிச்சொல் அன்று. இதைப் பற்றி விரிவாக…

குழு நெறியாளர்:
தயிர் தனி இழையில் உறையட்டும். மேடத்துக்கு நாளை காலை அச்சு.

யாழ்ப்பாணம், கணினி ஆசிரியர்:
புரை என்றதும் பிள்ளைகளுக்கு நோய்தான் ஞாபகம் வரும் ஐயா. விளங்காத தூய தமிழை விட விளங்குகிற அரைத் தமிழ் மேல் என்பது என்ர கருத்து. 'எட்டா நினைவகம்' எப்படி? இருக்குது, ஆனால் எட்டேல்லை. 1981-ல் வந்த ஐபிஎம் பிசிக்கும் இதே கதைதான். அதன் 8088 பிராசஸருக்கு 20 முகவரிக் கம்பி, மொத்தம் 1 எம்பி. அதில் மேல் 384 கேபி திரைக்கும் ரோமுக்கும் போக, டாஸுக்கு 640 கேபி.

மதுரை:
'எட்டா' என்றால் "எட்டு ஜிபியா மேடம்?" என்பார்களே! அதை விடுங்கள், எனக்கு வேறு தடை. 1995-ல் வந்த பென்டியம் ப்ரோ பிராசஸருக்கே 36 முகவரிக் கம்பி, 64 ஜிபி வரை தொடும். சிப்செட்டும் இடம் கொடுத்தால் 32 பிட் லினக்ஸ் அந்த வசதியை வைத்து 4 ஜிபியைத் தாண்டும். டெஸ்க்டாப் விண்டோஸ்தான், உயர்ந்த முகவரிகளைக் கண்டால் பழைய டிரைவர்கள் (கருவிகளை இயக்கும் மென்பொருள்கள்) குழம்புகின்றன என்று 4 ஜிபியில் நிறுத்திக்கொண்டது. அங்கே அது எட்டாத நினைவகம் இல்லை, எட்டவிடாத நினைவகம்.

பெங்களூரு:
945-இல் அந்தச் சிக்கல் இல்லை. அதற்கு எட்டவே எட்டாது. ஆனால் மேடம், உங்கள் கணினிகளில் கிராபிக்ஸ், தனிக் கார்டாக இல்லாமல் மதர்போர்டிலேயே இருந்தால், அது கொஞ்சம் ரேமை நிஜமாகவே எடுத்துக்கொள்ளும். அதுதான் ஒதுக்கீடு. சாம்பல் பட்டையில் இரண்டும் கலந்திருக்கிறது. எட்டா நினைவகம் என்ற பெயரை முதல் வகைக்கு மட்டும் வையுங்கள்.

கோவை:
அப்படியே பிரித்து எழுதிவிட்டேன். போர்டு கிராபிக்ஸ் எடுப்பது 'ஒதுக்கீடு', மற்றது 'எட்டா நினைவகம்'. டிரைவர் விஷயம் அடிக்குறிப்பில். எல்லோருக்கும் நன்றி, கோப்பை அனுப்புகிறேன்.

மதுரை:
சரி, களைப்பில் ஒப்புக்கொள்கிறேன்.

திருச்சி:
நான் ஒப்பவில்லை என்று பதிவாகட்டும். அனுப்புமுன் ஒன்று பாருங்கள் அம்மா: 'எட்டா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'நினைவகம்' வந்தால் ஒற்று இல்லை. எங்காவது 'பகுதி' என்று எழுதியிருந்தால் 'எட்டாப் பகுதி'. தயிர் இழையை நான் தொடங்கிவிட்டேன்.