இது எந்த பில்லியன்? தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். பெங்களூரு அல்சூரில் எங்கள் பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்காக, 1950களில் லண்டனில் அச்சான வானியல் கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் ‘25 பில்லியன் மைல்’ தொலைவில் என்கிறது. இன்றைய வழக்கில் அது 2,500 கோடிதான். உண்மைத் தூரமோ சுமார் 25 லட்சம் கோடி. ஆக, இது பழைய பிரிட்டிஷ் பில்லியன், 12 பூஜ்யம். அங்கே அரசே 9 பூஜ்யத்துக்கு மாறியது 1974-ல். ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் இன்றும் 12தான்.

சிக்கல் அடுத்த பக்கத்தில். ஆசிரியர் அமெரிக்க ஆய்வாளர்களின் எண்களையும் எடுத்தாள்கிறார். அவர்களுக்கு பில்லியன் என்றால் 100 கோடி. மாற்றி எழுதினாரா, அப்படியே விட்டாரா? தப்பான எண் பிள்ளைகள் மனதில் பதிந்துவிடக் கூடாது. எல்லாவற்றையும் கோடியிலேயே எழுத நினைக்கிறேன். அந்தக் கால ஆங்கில அறிவியல் நூல்களில் பழகியவர்கள், எதை எப்படிப் பிரிப்பது என்று சொல்லுங்களேன். பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறேன்.