மறு: ‘கவர்னிங் பாடி’க்கு என்ன சொல்? கட்டுப்பாட்டு வாரியம் வேண்டாமே

எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் கேட்ட கேள்விக்கு இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வரி: வட சென்னைக் கொருக்குப்பேட்டையில் எங்கள் படிப்பகத்துப் பிள்ளைகளுக்காகக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நாட்டளவில் கிரிக்கெட்டை யார் நடத்துகிறார்கள், எப்படி ஆளெடுக்கிறார்கள், பணம் எங்கிருந்து எங்கே போகிறது என்று இருபது பக்கம். முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். நாட்டளவில் ஒரு விளையாட்டை நடத்துகிற அமைப்பை ஆங்கிலத்தில் ‘நேஷனல் கவர்னிங் பாடி’ என்கிறார்களே, அதைத் தமிழில் எப்படி எழுதுவது?

நீங்கள் அனுப்பிய சொற்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளிடமே கேட்டேன்.

> இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் என்று ஏற்கெனவே புழங்குகிறதே. ‘கட்டுப்பாட்டு வாரியம்’ என்பதையே பொதுச்சொல்லாக வைத்துக்கொள்ளலாம்.

நான் எழுதி முடிக்கவில்லை, பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “இன்னாண்ணா, பொல்யூஷன் போர்டா?” சிரித்துவிட்டேன், ஆனால் அவன் சொன்னதில் தப்பில்லை. மணலி, எண்ணூர்ப் பக்கம் மூக்கு எரியும்போதெல்லாம் நினைவுக்கு வருவது மாசு கட்டுப்பாட்டு வாரியம்தான். கட்டுப்பாடு என்றால் நம் காதில் விழுவது, கெட்டது ஒன்று பரவாமல் தடுக்கிற வேலை. மாசு, கொசு, காசநோய், அதற்கடுத்து கிரிக்கெட்டா? (பரீட்சை நேரத்தில் சில அம்மாக்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள், அது வேறு கதை.) 1928இல், வெள்ளைக்காரர் காலத்தில் வைத்த ‘போர்டு ஆஃப் கன்ட்ரோல்’ என்ற பெயரின் நேர் பெயர்ப்பு அது. அந்த அமைப்பின் பெயராக இருந்துவிட்டுப் போகட்டும். பொதுச்சொல்லாக வேண்டாம்.

> ஆட்சிக்குழு அல்லது ஆளும் குழு

ஆட்சிக்குழுவைப் பல்கலைக்கழகங்கள் சிண்டிகேட்டுக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. ஆளும் குழு என்றால் அடுத்த கேள்வி, “அப்போ எதிர்க்குழு யாரு?” இதைக் கேட்டது ஏழாம் வகுப்புப் பெண்.

> ஆணையம்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அரசுடையது. தேர்தல் ஆணையம், தகவல் ஆணையம், எதை எடுத்தாலும் சட்டமோ அரசோ உண்டாக்கியது. கிரிக்கெட் அமைப்பு அப்படி வந்ததில்லை.

> நிர்வாக அமைப்பு. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியதைத் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் என்றுதானே எழுதுகிறார்கள்?

எழுதுகிறார்கள். ஆனால் நிர்வாகம் என்பது ஆபீசுக்குள் நடக்கிற வேலை. ஓட்டலுக்கும் நிர்வாகம் உண்டு, கல்யாண மண்டபத்துக்கும் உண்டு.

துடுப்பாட்டப் பேரவை என்று எழுதிய ஈழத்து நண்பருக்கு: துடுப்பாட்டம் அழகான சொல்தான், உங்கள் ஊரில் அது நிலைத்தும்விட்டது. எங்கள் மீனவர் பகுதியான காசிமேட்டில் சொன்னால் படகுப் போட்டி என்றைக்கு என்று கேட்பார்கள். இங்கே கிரிக்கெட் கிரிக்கெட்டாகவே இருக்கட்டும்.

சரி, என் பங்குக்கு ஒன்று. வெறும் ‘வாரியம்’ போதாதா? எங்கள் பக்கம் வாரியம் என்றால் வீடு, தண்ணீர், கரண்ட், மூன்றுமே அரசாங்கம் என்பது தெரியும். ஆனால் இந்தச் சொல் அரசுத் துறையாகப் பிறக்கவில்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று ஊர்க்காரர்களே குடவோலை எடுத்து அமைத்துக்கொண்ட குழுக்கள். 360 நாள் வேலை, அப்புறம் இறங்கிவிட வேண்டும்.

படித்துக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் எழுந்து உட்கார்ந்தேன். இரண்டாவது கல்வெட்டின்படி வாரியத்துக்கு வருகிறவருக்கு 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரை ஓலையில் எழுதக்கூடாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. இப்போது 2016க்கு வாருங்கள். கிரிக்கெட் வாரியத்தைச் சீர்திருத்த உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி லோதா குழு சொன்னது என்ன? 70 வயதுக்கு மேல் பொறுப்பில் இருக்கக்கூடாது. ஒரு தவணை முடிந்தால் மூன்றாண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். அதே எழுபது, அதே மூன்று! உச்ச நீதிமன்றம் 2016 ஜூலையில் பெரும்பாலான பரிந்துரைகளை ஏற்றது. அப்புறம் 2018இல், இரண்டு தவணை தொடர்ந்து இருந்துவிட்டு ஒதுங்கினால் போதும் என்று தளர்ந்தது. 2022இல் மாநிலச் சங்கத்தில் ஆறு, வாரியத்தில் ஆறு என்று பன்னிரண்டு ஆண்டு தொடரலாம் என்றாகிவிட்டது. பராந்தகன் காலத்துக்காரர்கள் தளர்த்தினார்களா என்று கல்லில் இல்லை.

இன்னொரு சுவையும் உண்டு. ஆண்டுக்கொரு முறை அமைக்கிற சம்வத்சர வாரியத்தை ஆட்டை வாரியம் என்றும் சொல்வார்கள். ஆட்டை என்றால் ஆண்டு. நம் தெருவில் ஆட்டை என்றால் விளையாட்டு: “நான் ஆட்டைக்கு வரல.” விளையாட்டை நடத்துகிற அமைப்புக்கு ‘ஆட்டை வாரியம்’ என்று வைத்தால் பழசும் புதுசும் ஒரே சொல்லில் பொருந்துகிறதே என்று பலகையில் பெரிதாக எழுதினேன். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. ‘ஆட்டையைப் போடுவது’ என்றால் வட சென்னையில் என்ன பொருள் என்று இங்கே விளக்கத் தேவையில்லை. அழித்துவிட்டேன்.

ஆகவே, வெறும் வாரியம். என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
கொருக்குப்பேட்டையிலிருந்து

* * *

தம்பிக்கு,

வாரியம் வேண்டாம். உங்கள் கையேட்டில் கேரம் வருமா, வராதா? நம் வட சென்னைப் பெண் காசிமா 2024இல் அமெரிக்கா போய் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த பிறகு, கேரம் இல்லாத விளையாட்டுக் கையேட்டை நம் பக்கத்தில் யார் தொடுவார்கள்? பொதுச்சொல் என்றால் எல்லா விளையாட்டுக்கும் ஒட்ட வேண்டும். ‘கேரம் வாரியம்’ என்று எழுதினால் கேரம் போர்டு என்று நினைத்துப் பிள்ளைகள் காயையும் பவுடரையும் தேடுவார்கள்.

உத்திரமேரூரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயதையும் மூன்றாண்டையும் படித்தவர் அதற்கு முந்தைய தகுதிகளை ஏன் விட்டுவிட்டீர்கள்? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. அது பிரமதேயச் சபை, பிராமணர்களுக்குக் கொடையாக விட்ட ஊரின் சபை. உங்கள் படிப்பகத்தில் ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்தும் குடத்துக்குள் ஓலை விழுந்திருக்காது, அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணின் பெயரும் சேர்த்துத்தான். பெருமைப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதிக் கல்வெட்டை மட்டும் படித்துவிட்டுப் பெருமைப்படாதீர்கள்.

சொல் தேடுவதற்கு முன்னால் பொருளைப் பார்ப்போம். கிரிக்கெட்டை நடத்துகிற அந்த அமைப்பு அரசுத் துறை அல்ல. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு சங்கம். தலைமையகம் மும்பையில், பதிவு நம் ஊர்ச் சட்டத்தில். உங்கள் தெரு நற்பணி மன்றம் பதிவு செய்யப் போனாலும் அதே சட்டம்தான். ஆட்டத்தின் விதிகளைக்கூட அது எழுதுவதில்லை, அவை லண்டனிலுள்ள எம்.சி.சி. என்ற கிரிக்கெட் கிளப்பின் கையில் இருக்கின்றன. 2005இல் உச்ச நீதிமன்றம், அரசியல் சட்டம் சொல்கிற ‘அரசு’ என்ற வரையறைக்குள் இது வராது என்றது. 2015இல், லோதா குழுவை அமைத்த அதே தீர்ப்பில், அரசு இல்லைதான், ஆனால் செய்வது பொதுப்பணி, எனவே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டுக் கேள்வி கேட்கலாம் என்றது.

ஆட்சி இல்லை, ஆணை இல்லை. கட்டுப்பாட்டை நீங்களே அடித்துவிட்டீர்கள். மிச்சம் என்ன இருக்கிறதோ அதில்தான் உங்கள் சொல் இருக்கிறது.

பெரம்பூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியை

* * *

டீச்சர், வணக்கம்.

கல்வெட்டு விஷயத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன், நியாயம்தான். மிச்சம் என்ன என்று கேட்டீர்களே, அது ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கிடைத்தது.

எங்கள் ஏரியா மாநகராட்சி மைதானத்தில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு டென்னிஸ் பால் டோர்னமென்ட். ஒரு மேஜை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, பாலிதீன் கவர் பிரிக்காத கோப்பை. நான் ஸ்கோர் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் கொஞ்சம் உயரம், மீசை லேசாக அரும்பியிருந்தது. எதிர் டீம் பசங்க, “அவன் ஓவர் ஏஜ்” என்று மேஜையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அவன் கொடுத்திருந்த ஆதார் ஜெராக்சில் பிறந்த வருடத்தின் கடைசி எண் மை பூசினாற்போல் இருந்தது. இரண்டா பூஜ்யமா? யாருக்கும் தெரியவில்லை. வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்துக்கு மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறது. நம்மிடம் இருப்பது இரண்டு ரூபாய் ஜெராக்ஸ்.

பையன் சுவரோரம் பேடு கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் அம்மா வந்தார். காசிமேட்டிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். புடவைக் கரை ஈரம், இடுப்பில் காலிக் கூடை. கத்தவெல்லாம் இல்லை. மேஜைக்கு முன்னால் நின்று ஒரே கேள்வி:

“யாருபா இதுக்குப் பொறுப்பு?”

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் அம்பயரைப் பார்த்தார். அம்பயர் என்னைப் பார்த்தார். நான் ஸ்கோர் நோட்டைப் பார்த்தேன். அந்தம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் அதையே கேட்டார். கடைசியில் செயலாளர் எழுந்து, “நான்தான்மா” என்றார். சைக்கிளில் ஒரு பையனை அனுப்பி வீட்டிலிருந்து அசல் கார்டை எடுத்துவரச் செய்தார். இரண்டுதான். இரண்டாவது மேட்சில் இறக்கிவிட்டார்கள். முதல் பந்திலேயே போல்டு, அது அவன் பாடு.

அந்தம்மா ‘யார் ஆளுகிறார்கள்’ என்று கேட்கவில்லை, ‘யார் கட்டுப்படுத்துகிறார்கள்’ என்றும் கேட்கவில்லை. நீங்கள் சொன்ன 2015 தீர்ப்பும், வழக்குமொழியை உரித்துப் பார்த்தால், இதே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது.

பொறுப்பு, அவை. பொறுப்பவை.

கையேட்டில் உட்காருகிறதா என்று பார்க்கச் சில வரிகள் எழுதிப் பார்த்தேன்:

இந்தியாவில் கிரிக்கெட்டின் தேசியப் பொறுப்பவை 1928இல் தொடங்கியது.

மாநிலச் சங்கங்கள் அதன் உறுப்பினர்கள். ரஞ்சிக் கோப்பையில் 38 அணிகள் ஆடுகின்றன.

அணியைத் தேர்ந்தெடுப்பது, போட்டி அட்டவணை போடுவது, அம்பயர்களுக்குத் தேர்வு வைப்பது, மாநிலச் சங்கங்களுக்குப் பணம் பிரித்துக் கொடுப்பது, பெங்களூருவில் 2000இல் தொடங்கிய தேசிய அகாடமியைப் போலப் பயிற்சிக்கு இடம் அமைப்பது, எல்லாம் பொறுப்பவையின் வேலை.

பெண்கள் கிரிக்கெட்டுக்கு 1973இல் தொடங்கிய வேறொரு பொறுப்பவை இருந்தது. 2006இல் இரண்டும் ஒன்றாயின. இந்திய அணியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மேட்ச் ஃபீஸ் என்ற அறிவிப்பு 2022 அக்டோபரில் வந்தது: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம்.

கடைசி வரியைப் படித்ததும் அந்த ஏழாம் வகுப்புப் பெண் கேட்டாள்: “பொறுப்பு 2006லயே வந்துடுச்சு, காசு 2022லயா?” இந்தக் கேள்வி ‘கட்டுப்பாட்டு வாரியம்’ என்று எழுதியிருந்தால் அவளுக்குத் தோன்றியிருக்காது. பொறுப்பவைக்கு என் ஓட்டு அதனால்தான்.

கொருக்குப்பேட்டையிலிருந்து

* * *

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவன். எங்கள் மொழியில் ‘பொறுப்பு’ என்றால் தற்காலிகம். ‘தலைமையாசிரியர் பொறுப்பு’ என்று போட்டால் நிரந்தர ஆள் இன்னும் வரவில்லை என்று பொருள். தேசியப் பொறுப்பவை என்றால் உண்மையான அவை எப்போது வரும் என்று கேட்பார்கள். இன்னொன்று: ‘பொறுப்பவை’ என்றால் பொறுத்துக்கொள்கிறவை என்றும் பொருள் வருகிறதே?

தண்டையார்பேட்டையிலிருந்து

* * *

தண்டையார்பேட்டை ஐயாவுக்கு,

இரண்டாவது தடை இலக்கணப்படி சரி. ஆனால் ஒரு மேட்ச் தோற்றால் நாடே திட்டுகிறது, அதையும் அந்த அமைப்பு பொறுத்துக்கொள்ளத்தானே வேண்டியிருக்கிறது? இருக்கட்டும். முதல் தடைதான் கனமானது. கோப்பில் பொறுப்பு என்பது பதவிப் பெயருக்குப் பின்னால், பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள் வரும். இங்கே முன்னால் வந்து அவையோடு ஒட்டிவிடுகிறது. பொறுப்பாசிரியர் என்று பத்திரிகையில் போட்டால் யாரும் தற்காலிக ஆசிரியர் என்று நினைப்பதில்லை. தம்பி, முதல் இரண்டு இடத்தில் ‘பொறுப்பு அவை’ என்று பிரித்து எழுதுங்கள், அப்புறம் சேர்த்துவிடலாம். எனக்குச் சம்மதம்.

பெரம்பூரிலிருந்து

* * *

நன்றி டீச்சர், நன்றி ஐயா. பிரித்தே போடுகிறேன். கையேடு வருகிற சனிக்கிழமை ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது, அதற்குள் வேறு தடை இருந்தால் சொல்லிவிடுங்கள். ‘அஃபிலியேஷன்’ என்பதற்கு இப்போதைக்கு ‘இணைப்பு’ என்று எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் கேஸ் இணைப்பா என்கிறார்கள். அதைத் தனி இழையில் கேட்கிறேன்.

கொருக்குப்பேட்டையிலிருந்து