ஸ்டிக்கர் தீர்ந்ததும் கைகள் இறங்கிவிட்டன

படுவான்கரை ஆசிரியை:
மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே ஒரு பாடசாலையில் தரம் 4க்குக் கற்பிக்கிறேன். கேள்விக்குக் கை உயர்த்தும் பிள்ளைகளின் கொப்பியில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்கியபோது, முதல் இரண்டு வாரம் வகுப்பே கலகலத்தது. கடந்த திங்களன்று ஸ்டிக்கர் தீர்ந்துவிட்டது என்றதும் பாதிக் கைகள் இறங்கிவிட்டன. அதைவிட என்னை வருத்துவது வேறொன்று: ஒரு நட்சத்திரம்கூடப் பெறாத பின்வரிசை மாணவன், இடைவேளையில் தன் நண்பனுக்கு, நூலை விரலில் கோத்து, கிழிந்த வலையைப் பொத்தும் விதத்தைப் பொறுமையாகக் காட்டிக்கொண்டிருந்தான். இப்படிச் சொல்லித்தரத் தெரிந்த பிள்ளை வகுப்பில் ஏன் வாய் திறப்பதில்லை?

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர், கல்முனை:
1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவரும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள முன்பள்ளிப் பிள்ளைகளில், சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைக்கப்பட்டவர்கள், ஓரிரு வாரங்களின் பின் தாமாக வரையச் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. எனவே பழுது ஸ்டிக்கரில் இல்லை, 'செய்தால் தருவேன்' என்ற பேரத்தில்தான் இருக்கிறது.

காரைதீவிலிருந்து ஒரு தாய்:
ஸ்டிக்கரை அடியோடு நிறுத்திவிடாதீர்கள், டீச்சர். என் மகள் தனக்குக் கிடைத்த ஒன்றைக் கதவு நிலையில் ஒட்டிவைத்திருக்கிறாள். புலமைப்பரிசில் வகுப்பு, மாதிரி வினாத்தாள் என்று ஓடும் பிள்ளைக்கு, ஆசிரியர் தன்னைக் கவனித்தார் என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம்.

கூத்துக் களரியில் வளர்ந்தவன்:
எங்கள் ஊர்க் கூத்தில், கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் பரிசு காட்டிப் பிள்ளைகளை அழைப்பதில்லை. ஆளின் குரலும் உடல்வாகும் பார்த்து, அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும் எழுதிய 'சட்டம்' கொடுப்பார். அரசன் வரவை அறிவிக்கும் கட்டியகாரனுக்குச் சில வரிகள்தான் என்றாலும், அவன் வராவிட்டால் அன்றைய பழக்கம் தடைப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும். சிறுவயதில் நான் ஒரு தருவில் (கூத்துப் பாட்டில்) தடுமாறியபோது, அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தாமல் அந்த அடியைத் தாமே எடுத்துப் பாடி, என்னை மீண்டும் உள்ளே இழுத்துக்கொண்டார். ஆட்டம் காலில் படிந்த பிறகுதான் ஊரார் முன்னிலையில் சதங்கை அணிவார்கள். அதுவும் பெருமைதான், ஆனால் அதற்காக எவரும் ஆட வந்ததில்லை. உங்கள் மாணவனுக்கு வகுப்பில் இன்னும் சட்டம் கொடுபடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

படுவான்கரை ஆசிரியை:
மூவருக்கும் நன்றி. புதன்கிழமை சுற்றாடல் பாடத்தில் வாவி மீன்பிடி வருகிறது. ஸ்டிக்கர் பேச்சை எடுக்காமல், வலை பொத்தும் ஊசியையும் நூலையும் கொண்டுவந்து வகுப்புக்குக் காட்ட முடியுமா என்று அவனிடம் கேட்டேன். சற்று நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "எத்தின பேருக்கு டீச்சர் நூல் கொண்டுவரணும்?" என்று கேட்டான்.